கோட்டைக்குள்ள 96 குச்சி!

மழை எப்ப வரும்னு யாரும் கேட்காத ஊர் அது. எப்ப நிக்கும்னுதான் கேட்பாங்க. அந்த ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு, ‘வானத்தைப் பார்க்க ஒரு பெரிய தொலைநோக்கி கட்டப்போறேன்’னு ஒருத்தர் கிளம்பினா என்ன சொல்வீங்க? நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனா, ஒரே கோட்டை வளாகத்துக்குள்ள ரெண்டு தடவை அப்படிக் கிளம்பியிருக்காங்க. முதல் தடவை 1840-கள்ல. ரெண்டாவது தடவை 2017-ல. ரெண்டு தடவையும் ஜெயிச்சுட்டாங்க!

ஊர் பேரு பர். அயர்லாந்துக்கு நட்ட நடுவுல, ஆஃபலி மாவட்டத்துல இருக்கிற குட்டி ஊர். ‘அங்கே உனக்கு என்ன வேலை?’ன்னு கேட்கிறீங்கதானே... சொல்றேன்.

பஸ்ல வந்த ரிசல்ட்

டப்ளின்ல எம்.எஸ்சி. படிக்கிற அக்காவைப் பார்க்கப் போன ஜூன்ல போயிருந்தேன். டிக்கெட் செலவுல பாதி, அக்கா பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு. அதனால அவ எங்கே கூப்பிட்டாலும் வாயைத் திறக்காம கூடப்போறதுன்னு ஒப்பந்தம். ஒரு சனிக்கிழமை காலையில, “கிளம்புடி, உங்க டிபார்ட்மென்ட் சமாசாரம் ஒண்ணு காட்டுறேன்”னு பஸ்ல ஏத்திட்டா.

டப்ளின்ல இருந்து ரெண்டரை மணி நேரம். வழியெல்லாம் பச்சை, பசு, பச்சை, பசு. அப்புறம் திடீர்னு பழுப்பு நிறத்துல சதுப்பு நிலம். நான் ஜன்னல் ஓரமா உட்கார்ந்து ரசிச்சுக்கிட்டு இருந்தப்பதான் கிளாஸ் குரூப்ல ‘ரிசல்ட் வந்தாச்சு’ன்னு மெசேஜ் விழுந்துச்சு. நடுங்கிக்கிட்டே நம்பரைப் போட்டேன். எல்லாம் பாஸ். ஒண்ணைத் தவிர. அந்த ஒண்ணு எது தெரியுமா? ஆன்டெனா பேப்பர்!

ஃபைனல் இயர் தொடங்கப்போகுது. பல கம்பெனிக்காரங்க முதல்ல கேட்கிறதே ‘ஸ்டாண்டிங் அரியர் இருக்கா?’ங்கிறதைத்தான். அழுகையை அடக்கிக்கிட்டு அக்காகிட்ட சொன்னேன். அவ சிரிச்சா. “எங்கே போறோம்னு தெரியுமா? உலகத்துலயே பெரிய ஆன்டெனா கூட்டங்கள்ல ஒண்ணைப் பார்க்கத்தான்”னா. வெந்த புண்ணுல வேல்!

கோட்டைக்காரரின் ராட்சசக் குழாய்

பர் கோட்டையில பார்சன்ஸ் குடும்பம் இருக்கு. நானூறு வருஷமா அவங்க வீடு அது. தோட்டம், ஆறு, ஏரி எல்லாத்தையும் டிக்கெட் வாங்கிச் சுத்திப் பார்க்கலாம். உள்ளே நுழைஞ்சு கொஞ்சம் நடந்தீங்கன்னா புல்வெளி நடுவுல ரெண்டு பெரிய கல் சுவர். சுவர்களுக்கு நடுவுல, ஒரு வேனையே உள்ளே விடலாம் போல ஒரு கறுப்புக் குழாய். இதுதான் முதல் கிறுக்கு.

மூன்றாம் ராஸ் பிரபு வில்லியம் பார்சன்ஸ் 1845-ல கட்டி முடிச்ச தொலைநோக்கி இது. கண்ணாடியோட குறுக்களவு 6 அடி. கண்ணாடின்னா நம்ம வீட்டுக் கண்ணாடி இல்ல. தாமிரத்தையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்த உலோகத் தட்டு, எடை சுமார் 3 டன். உலைக்கு எரிபொருள், நாங்க பஸ்ல பார்த்தோமே, அந்தச் சதுப்பு நிலத்துல வெட்டியெடுத்த கரி மண். வேலை செஞ்சவங்க பிரபு தன் எஸ்டேட்லயே பழக்கியெடுத்த உள்ளூர்க்காரங்க.

அந்த வருஷ வசந்தத்துலயே எம் 51-ங்கிற மங்கலான ஒளித் திட்டு ஒரு சுழல் வடிவத்துல இருக்குன்னு பார்த்துப் படமா வரைஞ்சார் பிரபு. ஒரு அண்டத்தோட சுழல் கைகளை மனுஷன் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது நம்ம பால்வீதிக்கு வெளியே இருக்கிற தனி அண்டம்னு நிரூபணமாக 1920-கள் ஆச்சு.

ஆனா, அதே 1845-ல இலையுதிர் காலத்துல உருளைக்கிழங்குப் பயிர்ல நோய் விழுந்துச்சு. அயர்லாந்தோட பெரும்பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் செத்துப்போனாங்க. தொலைநோக்கியை ஒதுக்கி வெச்சுட்டு நிவாரண வேலைக்குப் போனார் பிரபு. அந்தச் சுவர்களுக்கு முன்னால நின்னு இதைப் படிச்சப்ப, என் அரியர் கொஞ்சம் சின்னதாத் தெரிஞ்சுது.

1917-ல அமெரிக்காவுல மவுன்ட் வில்சன் மலையில 100 அங்குலத் தொலைநோக்கி வர்ற வரைக்கும், இதைவிடப் பெரிய கண்ணாடி உலகத்துல எங்கேயும் இல்ல. அதுக்கு முன்னாடியே, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்துல இந்தக் குழாயைக் கழட்டிப்போட்டுட்டாங்க. 1990-கள்லதான் புதுப்பிச்சு நிறுத்தினாங்க. நடுவுல அயர்லாந்தோட பேர் பெரிய தொலைநோக்கிப் பட்டியல்ல இருந்தே காணாமப் போச்சு. காரணம் எளிமை. இனிமே தொலைநோக்கி வைக்கணும்னா உயரமான மலை, வறண்ட வானம், கொட்டிக் கொடுக்கக் கஜானா வேணும். அயர்லாந்துகிட்ட இருந்தது மழை!

(இடையில ஒரு தகவல்: பிரபுவோட கடைசிப் பையன் சார்லஸ் பார்சன்ஸ்தான் 1884-ல நவீன நீராவி டர்பைனைக் கண்டுபிடிச்சவர். இ.இ.இ. ஃப்ரெண்ட்ஸ், உங்க குலதெய்வம் இந்த ஊர்தான்!)

துணி காயப்போடவா?

அங்கேயிருந்து மரங்களுக்கு நடுவுல போற பாதையில நடந்தோம். ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானம். மைதானம் பூரா குச்சி. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி: “ஏன்க்கா, இவ்ளோ பேர் துணி காயப்போடுறாங்களா?”

உண்மையிலேயே அப்படித்தான் இருக்கு. ஆள் உயரத்துக்கு ஒரு பி.வி.சி. குழாய். உச்சியில சோப்பு டப்பா மாதிரி ஒரு மூடி, அதுக்குள்ள ஆம்ப்ளிஃபயர். அதுல இருந்து கூடாரக் கயிறு மாதிரி நாலு பக்கமும் சரிஞ்சு இறங்குற வயர். கீழே தரையில ஒரு கம்பி வலை. அவ்ளோதான் ஒரு ஆன்டெனா! இப்படி 96. பக்கத்துலயே சமையலறை டைல்ஸ் பதிச்ச மாதிரி கறுப்பு ஷீட் போர்த்தின சதுரங்கள். அதுவும் 96. ஒவ்வொண்ணும் 5 மீட்டருக்கு 5 மீட்டர். போர்வைக்கு அடியில ஒவ்வொரு சதுரத்துலயும் 16 ஆன்டெனா. கூட்டிப் பார்த்தா 1,536.

இதுதான் ரெண்டாவது கிறுக்கு. பேரு ஐ-லோஃபார். நெதர்லாந்தின் ஆஸ்ட்ரான் நிறுவனம் வடிவமைச்சு, 2010-ல திறந்துவெச்ச லோஃபார் என்கிற ரேடியோ தொலைநோக்கி வலையமைப்போட அயர்லாந்து நிலையம்.

குச்சிகள் கேட்கிறது 90 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே. டைல்ஸ் கேட்கிறது 110-க்கு மேலே 250 வரைக்கும். நடுவுல ஏன் ஒரு இடைவெளி விட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். அங்கேதான் எஃப்.எம். பாட்டுக் கடை விரிச்சிருக்கு!

இன்னொண்ணு கவனிச்சேன். குச்சிகள் கோலப் புள்ளி மாதிரி வரிசையா இல்ல. யாரோ கண்ணைக் கட்டிக்கிட்டு நட்ட மாதிரி தாறுமாறா நிக்குது. அது அலட்சியம் இல்லையாம். சம இடைவெளியில நட்டா, நாம பார்க்கிற திசையோட வேற சில திசைகள்ல இருந்து வர்ற சிக்னலும் அதே பலத்தோட உள்ளே புகுந்துடும். கலைச்சு நட்டா அந்தத் திருட்டு வழி அடைபடும். இந்தக் கேள்வி என் பரீட்சையில 16 மார்க்குக்கு வந்துச்சு ஃப்ரெண்ட்ஸ். மனப்பாடம் பண்ணின ரெண்டு பக்கத்தைத் தலைகீழா எழுதிட்டு வந்தேன். இங்கே வேலிக்கு வெளியே நின்னு ஒரே நிமிஷத்துல புரியுது!

திரும்பாமலே திரும்பும் ஆன்டெனா

எங்க வீட்டு மொட்டைமாடியில துருப்பிடிச்ச மீன்முள் ஆன்டெனா இன்னும் நிக்குது. தூர்தர்ஷன் காலத்துல தாத்தா மேலே ஏறித் திருப்புவாராம். அப்பா கீழே இருந்து, “தெரியல... தெரியல... ஆங், தெரியுது! ஆட்டாதீங்க!”ன்னு கத்துவாராம். பழைய டி.வி. ஆன்டெனாக்கள் பிடிச்ச அதே வி.ஹெச்.எஃப். அலைகளைத்தான் இந்தக் குச்சிகளும் பிடிக்குது. ஆனா, இதைத் திருப்ப தாத்தா வேணாம். மோட்டார்கூட வேணாம். இதுல அசையிற பாகமே கிடையாது.

எப்படி? கடற்கரையில பத்து ஃப்ரெண்ட்ஸ் கையைக் கோத்து வரிசையா நிக்கிறதா நினைச்சுக்கோங்க. அலை சாய்வா வருது. முதல் ஆள் காலை நனைச்சு, ‘ஓ’ன்னு கத்துறான். கொஞ்சம் கழிச்சு ரெண்டாவது ஆள், அப்புறம் மூணாவது ஆள். பத்துக் கத்தலையும் ரெக்கார்ட் பண்ணி, முதல் ஆளோட கத்தலைக் கொஞ்சம் அதிகமாவும், அடுத்தவனோடதை அதைவிடக் கம்மியாவும் தாமதப்படுத்திச் சேர்த்தா, பத்தும் ஒரே நேரத்துல கேட்கும். காது கிழியும்! வேற சாய்வுல வந்த அலையோட கத்தல் அதே கணக்குல சேராது, சிதறிடும். ஆக, எவ்ளோ தாமதம்னு முடிவு பண்ணினா எந்தத் திசைன்னு முடிவு பண்ணிட்டோம். திருப்புறது கையில இல்ல, கணக்குல. அதனால ஒரே நேரத்துல ரெண்டு மூணு திசையைக்கூடப் பார்க்கலாம்.

நம்ம ஊட்டியிலயும் 1970-ல இருந்து இந்த வித்தையில பாதி நடக்குது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில மலைச்சரிவுல கட்டின 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி, கிழக்கு மேற்கா இயந்திரத்தால சுத்தும். வடக்கு தெற்கா கணக்காலதான் திரும்பும். டூர் போய் பொட்டானிகல் கார்டன்ல போட்டோ எடுத்துட்டு வந்துட்டோமே!

இப்ப முக்கியமான விஷயம். 150 மெகாஹெர்ட்ஸ்னா அலைநீளம் 2 மீட்டர். அலை நீளமாக ஆக, படம் மங்கும். கூர்மையாப் பார்க்கணும்னா தொலைநோக்கி பெருசா இருக்கணும். எவ்ளோ பெருசு? அலைநீளத்தை அகலத்தால வகுத்துப் பாருங்க. நிலாவுல நம்ம கண்ணுக்குத் தெரியிற அளவு நுணுக்கம் வேணும்னாலே தொலைநோக்கி பல கிலோமீட்டர் அகலம் இருக்கணும். அப்படி ஒரு கிண்ணத்தை யாரும் கட்ட முடியாது. அதனால ஐரோப்பா பூரா நிலையங்களை நட்டு, எல்லாத்தையும் ஃபைபர் கேபிளால நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரத்துல இருக்கிற கம்ப்யூட்டருக்கு இழுத்து, அங்கே ஒண்ணாக் கலக்குறாங்க. ஒவ்வொரு வெளிநாட்டு நிலையத்துல இருந்தும் வினாடிக்கு சுமார் 3 கிகாபிட் டேட்டா. எல்லா நிலையமும் ஒரே தாளத்துல இருக்கணுமே... அதுக்கு ரூபிடியம் அணுக் கடிகாரம்.

பர் சேர்ந்த பிறகு, மேற்குல அயர்லாந்துல இருந்து கிழக்குல போலந்து வரைக்கும் அகலம் கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர். கணக்குப் போட்டேன். பீச் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு, தாம்பரத்துல இருக்கிற ஒரு ரூபாய் நாணயத்தை ஒரு புள்ளியாப் பிரிச்சுப் பார்க்கிற கூர்மை. அதுவும் 2 மீட்டர் நீள அலையை வெச்சுக்கிட்டு!

மொய் வெச்ச நாடு

ஆனா இந்தக் கதையில என்னை உட்கார வெச்சது கணக்கு இல்ல. அவங்க உள்ளே நுழைஞ்ச விதம்.

அயர்லாந்து ஆய்வாளர்கள் எடுத்த எடுப்புலயே லோஃபாருக்குப் போகல. 2010-ல இதே கோட்டை வளாகத்துல சூரியனோட ரேடியோ வெடிப்புகளைக் கேட்கிற சின்னக் கருவிகளை நட்டாங்க. டிரினிட்டி கல்லூரியில இருந்த பீட்டர் காலகர்தான் முன்னணியில நின்னவர். கேட்டுப் பார்த்ததுல ஒண்ணு தெரிஞ்சுது: இந்த இடம் ரேடியோவுக்கு அமைதியான இடம். பெரிய நகரம் பக்கத்துல இல்ல, இரைச்சல் கம்மி. மேகம்? ரேடியோ அலைக்கு மேகம் ஒரு பொருட்டே இல்ல! பிரபு வானம் எப்ப திறக்கும்னு ராத்திரி ராத்திரியாக் காத்துக்கிடந்த அதே இடத்துல, மழை பெய்யும்போதே, பட்டப்பகல்லயே நட்சத்திரத்தைக் கேட்கலாம்.

அப்புறம் காசு. மொத்தச் செலவு சுமார் 20 லட்சம் யூரோ. ஒரு கல்லூரியால முடியாது. அதனால டப்ளின், கார்க், கால்வே, அத்லோன்னு பல ஊர்க் கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்தாங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் வட அயர்லாந்துல இருக்கிற அர்மா வானாய்வகமும் கூட்டுல உண்டு. அப்போ இருந்த சயின்ஸ் ஃபவுண்டேஷன் அயர்லாந்து 2016-ல 14 லட்சம் யூரோ கொடுத்துச்சு. மிச்சத்துக்குக் கல்லூரிகளும் நன்கொடையாளர்களும். இடம் கொடுத்தது பார்சன்ஸ் குடும்பம்.

2017-ல வேலை. ஈர மண்ணைச் சமப்படுத்தணும். ஒவ்வொரு ஆன்டெனாவோட இடத்தையும் அளந்து குறிக்கணும். ஒவ்வொரு கேபிளோட நீளமும் தெரிஞ்சிருக்கணும். ஏன்னா, கேபிளுக்குள்ள சிக்னல் ஓடுற நேரமும் அந்தத் தாமதக் கணக்குல சேரும். மின்னணுப் பெட்டிகள் நிக்கிற கன்டெய்னரைச் சுத்தி உலோகக் கவசம். தன் சத்தமே தன் காதுல விழுந்துடக்கூடாதே! நெதர்லாந்து இன்ஜினீயர்களோட, அயர்லாந்துக் கல்லூரி மாணவர்களும் மைதானத்துல இறங்கி ஆன்டெனாக்களைக் கோத்தாங்க. நம்மளை மாதிரி பசங்கதான். ஜூலை 27-ல திறப்பு விழா.

அந்த வருஷம் செப்டம்பர் 10-ல சூரியன்ல ஒரு ராட்சச வெடிப்பு. லோஃபார் அதைக் கேட்டுச்சு. அதை வெச்சு 2019-ல ‘நேச்சர் அஸ்ட்ரானமி’ இதழ்ல வந்த ஆய்வுக் கட்டுரையில அயர்லாந்து ஆய்வாளர்கள் பேரும் இருந்துச்சு.

இதை எங்க ஊர்க் கணக்குல சொன்னா, மொய்! ஒவ்வொரு நாடும் தன் பங்குக்கு ஒரு நிலையத்தை மொய்யா வைக்குது. ஜெர்மனி 6, போலந்து 3, பிரான்ஸ், பிரிட்டன், ஸ்வீடன், அயர்லாந்து தலா 1, 2019-ல லாட்வியா 1. நெதர்லாந்துக்குள்ளேயே 38. நீங்க வெச்சது ஒரு மைதானம். உங்களுக்குத் திரும்பி வர்றது ஒரு கண்டம் அளவு தொலைநோக்கி. வலையமைப்புக்கு வேலை இல்லாத நேரத்துல உங்க நிலையத்தைத் தனியாவும் பயன்படுத்திக்கலாம். 2022-ல லோஃபார் வெளியிட்ட வான வரைபடத்துல 44 லட்சம் ரேடியோ மூலங்கள். அதே வேலையை எந்த நாடும் தனியா உட்கார்ந்து செஞ்சிருக்க முடியாது. 2023 டிசம்பர்ல லோஃபார் ஒரு ஐரோப்பியக் கூட்டமைப்பா மாறினப்போ, தொடக்க உறுப்பினர் வரிசையில அயர்லாந்தும் உட்கார்ந்துச்சு.

பிரபு காலத்துல உலகத்துலயே பெருசு வெச்சிருந்தவங்க, இப்ப பெருசு வெச்சிருக்கல. பெருசுல ஒரு பங்கா இருக்காங்க. எனக்கு ரெண்டாவதுதான் பெரிய விஷயமாப் பட்டுது.

நமக்கும் ஒரு மொய் நோட்டு காத்திருக்கு. ஆஸ்திரேலியாவுலயும் தென்னாப்பிரிக்காவுலயும் எழும்பிக்கிட்டு இருக்கிற எஸ்.கே.ஏ. ரேடியோ தொலைநோக்கியில சேர 2024 ஜனவரியில இந்தியா 1,250 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்திருக்கு. அதுலயும் ஒரு பகுதி, அசையவே அசையாத ஆன்டெனாக் காடு. 1,31,072 ஆன்டெனா! அதோட சிக்னலைச் சேர்க்க, கணக்குப் போட, இரைச்சல் பிரிக்க ஆள் வேணும். ‘கோர்ல வேலை இல்ல, ஐ.டி-க்குப் போயிடு’ன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் அந்த வரிசையிலதான் நிக்கப்போறேன். ஆனா, வரிசையில நிக்கும்போது இந்த நம்பர் ஞாபகம் இருக்கும்.

நாங்க கிளம்புற நேரம் மழை பிடிச்சுக்கிச்சு. எல்லாரும் ஓடி பிரபுவோட கல் சுவர் ஓரமா ஒதுங்கினோம். தலைக்கு மேல அந்தக் கறுப்புக் குழாய். மழைக்கு அதுவும் எங்களை மாதிரிதான், ஒண்ணும் செய்ய முடியாது. மரங்களுக்கு அந்தப் பக்கம் 96 குச்சியும் நின்ன இடத்துல நனைஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

“என்னடி யோசிக்கிறே?”ன்னா அக்கா.

“நவம்பர்ல அரியர் எழுதணும்க்கா. புக்கை இங்கே கொண்டுவந்திருக்கலாம்.”

போறீங்களா?

டப்ளின்ல இருந்து பர்ருக்கு நேரடி பஸ் உண்டு. காலையில போய் சாயங்காலம் திரும்பிடலாம். கோட்டை வளாகத்துக்கு நுழைவுக் கட்டணம் இருக்கு. பெரிய தொலைநோக்கி, அறிவியல் கண்காட்சி, ஏரி, தோட்டம் எல்லாம் நடந்தே பார்க்கலாம். லோஃபார் மைதானத்தை வேலிக்கு வெளியே நின்னுதான் பார்க்கணும். குடை கட்டாயம். அரியர் இருந்தா, புக்கும் கட்டாயம்!